“வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க”

அத்தியாயம் 6

விடுதியில் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு மாணவர் உங்கள் அறைக் கதவைத் தட்டுகிறார். உட்காரச் சொல்கிறீர்கள். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு வாயைத் திறந்தால் வரும் முதல் வாக்கியம் பிரச்சினையைப் பற்றியதாக இருக்காது. ஒரு நிபந்தனையாகத்தான் இருக்கும்: “சார், எங்க வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க.”

வகுப்புப் பொறுப்பாசிரியர், வார்டன், அறையில் உடன் தங்கியிருக்கும் நண்பர் ஆகிய மூவருக்காகவும் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். தூக்கம் கெடுவது, சாப்பாட்டு மேசைக்கு வராமலிருப்பது, பிடித்த பொருள்களை எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது, “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்று விளையாட்டுப்போலச் சொல்வது போன்ற அறிகுறிகளை முன்பே பார்த்துவிட்டோம். இங்கே பேசப்போவது அந்த நிபந்தனையைப் பற்றி மட்டும். சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு மாணவரின் உயிர் பெரும்பாலும் அந்த முடிச்சில்தான் சிக்கிக் கிடக்கிறது.

வீடு ஏன் இவ்வளவு பெரிதாக நிற்கிறது

காலை ஏழு மணிக்கு ஓமலூர், சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோடு சாலைகளில் நின்று பார்த்தால் மஞ்சள் நிறக் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகப் போகும். உள்ளே இருப்பவர்களில் கணிசமானோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ மாதக்கணக்கில் இருப்பார். அம்மா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுவார், இல்லையென்றால் ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் கிழங்கு உரிப்பார். கல்லூரிக் கட்டணத்துக்காகக் காடு அடமானத்தில் இருக்கும், நகை வங்கியில் இருக்கும். இதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும். கடன் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இந்த ஊர்களில் நிறைய.

இதற்கு மேல் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளியில் விடுவதற்கு நாமக்கல் ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கியது. கோழிப்பண்ணை ஊர் என்பதால் அந்தப் பள்ளிகளுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்ற கிண்டல் பெயரும் வந்தது. 2017-இல் மாநில அரசு தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் பதினோராம் வகுப்பிலிருந்து விடுதியிலேயே வளர்ந்த பிள்ளைக்கு வீடு என்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு. அதில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “எவ்வளவு மார்க்?” அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து பிள்ளை தனியாள் ஆகிவிடுகிறது.

2021 செப்டம்பர் 12-ஆம் தேதி, நீட் தேர்வு நடக்க இருந்த அன்று, மேட்டூர் அருகே ஒரு கிராமத்து மாணவர் தற்கொலையால் இறந்தார். அவர் அந்தத் தேர்வை முன்பும் எழுதியவர். மறுநாளே சட்டப்பேரவையில் நீட் விலக்கு மசோதா நிறைவேறியது. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மாதத்தில் நடந்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படவில்லை. தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை 104 மருத்துவ உதவிச் சேவை வழியாக மனநல ஆலோசகர்கள் தாங்களாகவே அழைத்துப் பேசத் தொடங்கினார்கள். உதவி எண்ணை அறிவித்துவிட்டுக் காத்திருப்பதற்கும், நாமே போய்க் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒரு வகுப்புப் பொறுப்பாசிரியர் அறுபது பேருக்கு இதைச் செய்ய முடியும். தேர்வு முடிவு வந்த இரவில், விழுந்த தாள்கள் அதிகமாக இருக்கும் ஐந்து பேரை அவரே அழைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எந்த மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள். தேர்வு, காதல், கடன் என்று செய்தித்தாள் ஒரு சொல்லில் முடித்துவிடும். உள்ளே பல மாதத் தூக்கமின்மையும், கவனிக்கப்படாத மனச்சோர்வும், பேச ஆளில்லாத நிலையும் சேர்ந்தே இருக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் இப்படி இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டினர் 1,416 பேர். அவர்களில் எத்தனை பேர் எத்தனை பேரிடம் “வீட்டுக்குச் சொல்லிடாதீங்க” என்று தொடங்கியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

கொடுக்கக் கூடாத வாக்கு

அந்த நிபந்தனைக்குச் “சரி, சொல்லல” என்று உடனே தலையாட்டுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. இரக்கத்தில் செய்கிறோம். ஆனால் அரை மணி நேரத்தில் உண்மை வெளிவந்ததும் வாக்கைக் காப்பாற்றினால் உயிருக்கு ஆபத்து, மீறினால் நம்பிக்கைக்கு ஆபத்து. அறைத்தோழர்கள் இதில் மாட்டிக்கொள்வதுதான் மிகக் கொடுமை. “சத்தியம் பண்ணுடா” என்று வாங்கிவிடுவார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், இன்னொருவனின் உயிரை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்துக் கிடப்பான். அப்படிச் சத்தியம் செய்துவிட்ட மாணவர் இதைப் படித்தால்: அந்தச் சத்தியத்தை மீறலாம். நண்பன் ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும், பரவாயில்லை.

பெரியவர்கள் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“தம்பி, நீ சொல்றத டிபார்ட்மெண்ட்லயோ மத்த பசங்ககிட்டயோ பேச மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா, ஒருத்தர்கிட்டயாவது சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட, எப்பிடின்னு உன்னையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் முடிவு பண்ணுவேன். உனக்குத் தெரியாம போன் போட மாட்டேன்.”

பேச்சு நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் நிற்பதில்லை. கதவைத் தட்டி வந்தவர் யாரிடமாவது இறக்கி வைக்கத்தான் வந்திருக்கிறார்.

பிறகு கேட்க வேண்டிய கேள்வி. இங்கேதான் நம் மொழியே நமக்குக் குழி வெட்டுகிறது. “தப்பான முடிவு எதுவும் எடுத்துற மாட்டியே?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது: “இல்லைங்க சார்.” வேறு எதைச் சொல்ல முடியும்? ‘தப்பு’ என்று நாம் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டோமே. நேராகக் கேளுங்கள், குரலை உயர்த்தாமல்: “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார்கள், யாரோ ஒருவர் அந்தச் சொல்லைப் பயமில்லாமல் சொல்லிவிட்டாரே என்று.

“ஆமாம்” என்று பதில் வந்தால் அறிவுரை வேண்டாம். “உங்க அம்மாவ நினைச்சுப் பாத்தியா?” என்பது மிக மோசமான அறிவுரை. அம்மாவை நினைத்து நினைத்துத்தான் அவர் இந்த நிலைக்கு வந்திருக்கிறார். இன்னும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை நாளாக இந்த எண்ணம்? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா? அதற்கு வேண்டியது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? இன்று இரவு தாக்குப்பிடிக்க முடியுமா? எண்ணம் வந்து போகிறது, திட்டம் எதுவும் இல்லை என்றால் நாளை காலை ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போக நேரம் இருக்கிறது. திட்டமும் இருக்கிறது, பொருளும் கைவசம் இருக்கிறது என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. அந்தப் பொருளை அப்புறப்படுத்துங்கள். குளியலறைக்குப் போனாலும் வெளியே ஒருவர் நிற்கட்டும். 108-ஐ அழையுங்கள், அல்லது வண்டி எடுத்துக்கொண்டு நேராகச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். இரண்டிலும் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும்.

மருத்துவமனை என்றதும் விடுதியில் யாராவது ஒருவர் சொல்வார்: “போலீஸ் கேஸ் ஆயிடும் சார், காலேஜ் பேரு கெட்டுப்போயிடும்.” இந்தப் பயத்தில் முயற்சி செய்த பிள்ளையைக்கூட நாட்டு வைத்தியத்துக்குத் தூக்கிப்போன கதைகள் உண்டு. சட்டம் மாறிவிட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக ஆக்கியிருக்கிறது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், ஒரு காவலர் வந்து வாக்குமூலம் கேட்கலாம். அது நடைமுறை. அதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை.

வீடே ஆபத்தாக இருந்தால்

“வீட்டுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுருவாங்க” என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. பத்தில் ஒன்பது முறை அது பேச்சு வழக்கு. பத்தாவது முறை அப்படியே உண்மையாக இருக்கலாம். இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலையில் பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடந்தது. முதலில் அதைத் தற்கொலையாகக் காட்டத்தான் முயற்சி நடந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அதனால் போனை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: “வீட்டுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்களா, அடிப்பாங்களா, இல்ல வேற ஏதாவது நடக்கும்னு பயப்படறியா?” சாதி கடந்த காதல், வீட்டுக்குள்ளேயே நடக்கும் பாலியல் தொல்லை, கட்டாயக் கல்யாண ஏற்பாடு என்று தெரிந்தால் வழி வேறு. பெண்களுக்கு உதவி எண் 181. பதினெட்டு வயது நிறையாதவருக்கு 1098. முதலாண்டு மாணவர் பலருக்குப் பதினேழுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. சாதி கடந்த இணைகளுக்குப் பாதுகாப்புத் தர மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது. இப்படிப்பட்ட மாணவியை “பேரன்ட்ஸ வரச் சொல்லு” என்று பழக்க தோஷத்தில் வீட்டிடம் ஒப்படைக்கும் வார்டன் ஒரு உயிரைக் கையளிக்கிறார்.

போன் போடும் முறை

மற்ற எல்லாருக்கும் வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும். யாரிடம் என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். முதல் ஆள் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாய்மாமன், அத்தை, கல்யாணமான அக்கா, யாரிடம் பேசினால் இவருக்கு மூச்சு விட முடிகிறதோ அவர். நம் பக்கத்தில் மாமனுக்கு உள்ள மரியாதை இந்த நேரத்தில் நல்ல துணை. அப்பாவிடம் மாமன் பேசினால் எடுபடும்.

அழைத்ததும் முதல் கேள்வி: “ஏனுங்க, வண்டி ஓட்டிட்டு இருக்கீங்களா?” இதைச் சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் லாரி ஓட்டும் மனிதரிடம் இந்தச் செய்தியைச் சொல்லக் கூடாது. ஓரங்கட்டச் சொல்லிவிட்டு:

“பையன் நல்லா இருக்கானுங்க, எங்கூடத்தான் உக்காந்திருக்கான். கொஞ்ச நாளா மனசு ரொம்பச் சோர்ந்து போயிருக்கான். சாகலாம்னுகூட தோணிருக்குது. நேர்ல வாங்க. வர்றவரைக்கும் தனியா விட மாட்டோம். இப்ப அவன்கிட்டப் பேசறப்ப மார்க்கு, பணம் எதையும் எடுக்க வேண்டாங்க. ‘நான் வர்றேன் கண்ணு’ன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

வந்த பெற்றோர் சொல்லும் வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம். “என்ன குறை வெச்சோம்?” “எல்லாம் இந்தச் செல்போன்தான்.” “காத்து கருப்பு ஏதாவது பட்டிருக்குமா சார்?” வாதாட வேண்டாம். கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்ளட்டும், அதே நாளில் மருத்துவரையும் பார்க்கட்டும். கயிறும் மாத்திரையும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கயிறு மட்டும் என்னும்போதுதான் தொல்லை.

கல்லூரிகளின் ஒரு பழக்கத்தை இங்கே கண்டிக்காமல் போக முடியாது. “உங்க பொறுப்புலதான் படிக்க வைக்கிறோம்” என்று பெற்றோரிடம் எழுதி வாங்குவது, பையனை ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பி வைப்பது, அதிலும் தனியாகப் பேருந்தில் ஏற்றி அனுப்புவது. நிறுவனம் தன் கையைக் கழுவிக்கொள்ளும் வழி இது. காட்டு வீட்டில் பகல் முழுக்கப் பெரியவர்கள் வேலைக்குப் போன பிறகு அந்தப் பிள்ளை தனியாக இருக்கும், அதே வீட்டில் பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தும் இருக்கும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் பெற்றோர் வந்து கூட்டிப் போகட்டும். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைத்து, சாவியைப் பெரியவர் ஒருவர் இடுப்பிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற உச்சக்கட்ட வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில், சிலருக்குச் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் பொருள் கைக்கு எட்டாமல் இருப்பதே பாதி சிகிச்சை. சென்னையில் 1986-இல் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கக் கிராமங்களில் இதற்காகவே பொதுப் பூச்சிமருந்துப் பெட்டகங்களை வைத்துப் பார்த்தது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மறைத்த விஷயத்தின் கனத்தைக் குறைப்பது

முதல் இரவு கடந்த பிறகு, மறைத்து வைத்த விஷயத்தையே எடுத்துப் பார்க்கலாம். பாதிக்கு மேல் அது நினைத்த அளவு பெரிதாக இருக்காது. பதினொரு அரியர் இருக்கிறது என்று சாகத் துணிந்த பையனுக்கு, நான்கு வருடப் பொறியியல் படிப்பை முடிக்க அண்ணா பல்கலைக்கழக விதிகள் ஏழு வருடம் வரை இடம் தருகின்றன என்பது தெரிந்திருக்காது. கடன் செயலிக்காரன் படத்தை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால் 1930-இல் சைபர் குற்றப் புகார் செய்யலாம். அந்த எண்ணை அவரோடு உட்கார்ந்து நீங்களே அழையுங்கள். ஆன்லைன் சூதாட்டத்தில் செமஸ்டர் கட்டணம் போய்விட்டது என்றால் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட அலுவலகத்தில் பேசித்தர ஆள் வேண்டும். ராகிங் என்றால் 1800-180-5522. ஒரு விஷயம் மட்டும்: கேட்டு முடிப்பதற்குள் இந்தத் தீர்வுகளை அள்ளி வீசாதீர்கள். “இதுக்கா இப்படி?” என்ற தொனி வந்துவிட்டால் அடுத்த முறை கதவு தட்டப்படாது.

மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால் அதைத் ‘தூக்க மாத்திரை’ என்று சொல்லி வீட்டில் பிடுங்கி வைப்பார்கள். அந்த மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களை முதல் சில வாரங்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். படபடப்போ சாவு பற்றிய எண்ணமோ கூடினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் தெளிந்ததும் தானாக நிறுத்தக் கூடாது. பணம் ஒரு தடையாக இருந்தால் மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே ஆலோசனையும் மருந்தும் இலவசம்.

2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் இறந்த வழக்கில், நாடு முழுவதுக்கும் பதினைந்து வழிகாட்டுதல்களைத் தந்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் வேண்டும், ஊழியர்களுக்கு வருடத்துக்கு இரு முறை பயிற்சி வேண்டும், மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து அவமானப்படுத்தக் கூடாது, விடுதியிலும் வகுப்பிலும் உதவி எண்களைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்பவை அதில் அடக்கம். உங்கள் முதல்வர் அறையில் இந்தத் தீர்ப்பின் நகல் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எண்களை எழுதி ஒட்டுவதில் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 14416 என்பது டெலிமனாஸ் மனநல உதவி எண், தமிழில் ‘நட்புடன் உங்களோடு’. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. அரசின் 104-ம் உண்டு. மூன்றையும் மாடிப்படிச் சுவரில் அழகாக எழுதியிருப்பார்கள். அதே விடுதியில் செல்போன் வைத்திருந்தால் அபராதம்! எதைக் கொண்டு அழைப்பது? அலுவலகத்தில் இருக்கும் ஒற்றை போனில் பேசினால் மெஸ்காரர் முதல் பின்னால் நிற்கும் பத்துப் பேர் வரை கேட்பார்கள்.

ஆகவே வார்டன்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது வந்து “ஒரு போன் பேசணும் சார்” என்று இரவில் கேட்டால் யாருக்கு என்று விசாரிக்காதீர்கள். உங்கள் சொந்தப் போனைக் கொடுத்து, உங்கள் அறைக்குள்ளேயே உட்கார வையுங்கள். 14416 என்று நீங்களே அழுத்திக் கொடுத்தாலும் நல்லது. மின்விசிறியைப் போட்டுவிடுங்கள், பேச்சு வெளியே கேட்காது. பிறகு வராந்தாவுக்கு வந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, பேசி முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.